ஒரு முள்ளுகூட இல்ல

தையல் மெஷின் மாதிரியாம்... சொல்லிவிட்டு மகள் தன் பாட்டுக்குப் போனை வைத்துவிட்டாள், இங்கே மனிதர் கையில் கத்தியோடு, முன்னால் பலகையில் ஒரு முழு மீனோடு, வாயில் ஈ போனாலும் தெரியாமல் நிற்கிறார், அவள் வாயில் ஒரு பக்கம் மீன் உள்ளே போனதாம், இன்னொரு பக்கம் முள் வெளியே வந்துகொண்டே இருந்ததாம், வந்ததையெல்லாம் தட்டின் ஓரத்தில் சீப்புப் பல் மாதிரி வரிசையாக அடுக்கினாளாம், சம்பந்தியம்மா தன் சாப்பாட்டை மறந்து அதையே பார்த்துக்கொண்டிருந்தார்களாம், யாரைப் பற்றிய பேச்சு இது, இவர் மனைவியைப் பற்றியா, கல்யாணமான புதிதிலிருந்து இன்றுவரை இவர் முள் எடுத்துத் தராமல் ஒரு மீனைக் கையால் தொட்டறியாதவளைப் பற்றியா. அதுவும் என்ன மீன், பொடி மீன், முள்ளுக்கு நடுவே மறதியாகக் கொஞ்சம் சதை வைத்துப் படைத்த இனம், இவரே அதைத் தின்னும்போது பேச்சை நிறுத்திவிடுவார்... 'அம்மா இவ்வளவு நல்லா முள்ளு மீன் சாப்பிடுவாங்கன்னு எனக்கே தெரியாதுப்பா, உங்களுக்குத் தெரியும்தானே' என்று மகள் கேட்டபோது இவர் என்ன சொன்னார், 'தெரியாம என்னம்மா' என்றார், அதைச் சொன்ன வாயை என்ன செய்யலாம். போன வாரம் முழுக்க மனைவி மகள் வீட்டில் இருந்துவிட்டு நேற்றுத்தான் திரும்பினாள், இன்று ஞாயிறு, ஞாயிறு என்றால் இந்த வீட்டில் மீன், மீன் என்றால் அது கண்ணாடிக்காரர் கையால்தான், அதில் இதுவரை யாரும் கை வைத்ததில்லை.

கண்ணாடிக்காரர் என்பது தெரு வைத்த பேர், மூக்குக் கண்ணாடிக் கடை வைத்திருக்கிறார், லென்ஸ் தேய்த்து ஃபிரேமில் பூட்டிக் கொடுப்பது தொழில், கை நடுங்காத ஆள் என்று பேரெடுத்தவர், அந்தக் கைக்கு இன்று என்ன வந்தது. முதலில் மீனைத் துடைக்க வேண்டும், ஈரம் இருந்தால் வழுக்கும், வழுக்கினால் கத்தி மீனை விட்டுவிட்டு விரலைப் பார்க்கும், பழைய துண்டால் தலையிலிருந்து வால்வரை ஒற்றி எடுத்தார், நல்ல கொடுவா, முழங்கை நீளம், கண் பளிச்சென்று இருந்தது, அந்தக் கண்ணுக்கு இவர் கடையில் வேலை இல்லை. காலையில் வாங்கும்போது மீன்காரம்மா செதிலையும் செவுளையும் எடுத்துவிட்டு வழக்கம்போல வயிற்றில் கத்தி வைக்கப் போனார், இவர் வழக்கம்போலக் கையை நீட்டித் தடுத்தார், 'வயித்தக் கீறாதீங்க', 'அப்ப கொடல எப்படி எடுப்பீங்க', 'முதுகு வழியா', 'வயித்துக்கு வயித்துலயே வழி இருக்கறப்ப முதுகச் சுத்திப் போவானேன்', வாரா வாரம் இதே பேச்சு, வாரா வாரம் இரண்டு பேருக்கும் இதில் ஒரு சந்தோஷம். முதுகு வழியாகப் போனால்தான் மீன் முழுசாக நிற்கும், தலை இருக்கும், வால் இருக்கும், வயிறு பை மாதிரி மூடியே இருக்கும், உள்ளே முள் மட்டும் இருக்காது, மேஜையில் வைக்கும்போது இப்போதுதான் நீந்தி வந்து படுத்த மாதிரி இருக்கும், கரண்டி வைத்தால் வெண்ணெயாக வரும், அதைப் பார்த்ததும் அவள் முகம் மலருமே, அப்படியே விரியுமே... அதெல்லாம் நடிப்பா?

முதுகுத் துடுப்பை ஒட்டினாற்போல், தலைக்குப் பின்னால், கத்தி முனையை இறக்கினார், ரம்பம் போல அறுக்கக் கூடாது, இழுக்க வேண்டும், நீளமாக, நிதானமாக, வால்வரை ஒரே கோடு, பிறகு அதே கோட்டில் மறுபடி, ஒவ்வொரு முறையும் கொஞ்சம் ஆழம், கத்தி வளைந்து கொடுக்கிற மெல்லிய ரகம், அதைப் படுக்கப் போட்டு எலும்பின் மேலேயே நடத்திக்கொண்டு போனால் டிக் டிக் டிக் என்று சத்தம் கேட்கும், அந்தச் சத்தம் கேட்கிறவரை சரியான வழியில் போகிறோம் என்று அர்த்தம், சத்தம் நின்றால் சதைக்குள் போய்விட்டோம் என்று அர்த்தம், கண்ணை மூடிக்கொண்டுகூடச் செய்யலாம், காது போதும். டிக் டிக்... கேட்டுவிடலாமா, முன்னறையில்தான் இருக்கிறாள், அச்சகத்திலிருந்து வந்த தாள்கட்டை மடியில் வைத்துக்கொண்டு பிழை பார்த்துக்கொண்டிருக்கிறாள், தாள் புரளும் சத்தம் இங்கே கேட்கிறது, நேராகப் போய் நின்று, 'ஏன்டி, உனக்கு முள்ளு மீன் சாப்பிடத் தெரியுமா' என்று... எப்படிக் கேட்பது, இவ்வளவு காலம் குடித்தனம் நடத்திவிட்டு ஒரு மனிதன் தன் மனைவியிடம் கேட்கிற கேள்வியா இது, தெரியும் என்று சொல்லிவிட்டால்? டிக் என்ற சத்தம் நின்றிருந்தது. கத்தி சதைக்குள் ஒரு விரல் தூரம் போயிருந்தது. சீ என்று வாய்க்குள் சொல்லிக்கொண்டு பின்வாங்கினார், மறுபடி எலும்பைத் தேடிப் பிடித்தார்.

தெரியும் என்று சொல்லிவிட்டால் இவருக்கு மிச்சம் என்ன. யோசித்துப் பார்த்தால் இந்த வீட்டில் அவளுக்கு வராதது என்று ஒன்று உண்டா, ஃபியூஸ் போனால் அவள் போடுவாள், ஏணி மேல் அவள்தான் ஏறுவாள், இவருக்குத் தலை சுற்றும், கீழே நின்று ஏணியைப் பிடித்துக்கொள்வார், பிடிக்காவிட்டாலும் அது விழாது, குழாய் ஒழுகினால் அவள், பேங்கில் பேச வேண்டுமென்றால் அவள், மகள் கல்யாணத்தில் மண்டபத்துக்காரன் பிடி கொடுக்காமல் பேசியபோது இவர் வேர்த்துக்கொட்டி நிற்க அவள் ஒரு நாற்காலியை இழுத்துப் போட்டு உட்கார்ந்தாள், அவ்வளவுதான், மண்டபத்துக்காரன் வழிக்கு வந்துவிட்டான், இறுகிப் போன பாட்டில் மூடியைக்கூட இவர் முக்கி முனகிக் கடைசியில் அவளிடம்தான் நீட்டுகிறார். பிழை கண்டுபிடிக்கிற விஷயத்திலோ கேட்கவே வேண்டாம், கண்ணில் விளக்கெண்ணெய் விட்டுக்கொண்டு பார்ப்பாள், அச்சகத்தில் அவள் பார்த்து அனுப்பிய தாளில் இன்னொருத்தர் ஒரு புள்ளியைத் திருத்தியதாகச் சரித்திரம் இல்லை, கல்யாணப் பத்திரிகை வந்தால் மாப்பிள்ளை யார் என்று பார்ப்பதற்கு முன்னால் சிவப்புப் பேனாவைத் தேடுவாள், கடைக்குப் பெயர்ப்பலகை எழுதியவனை ஏணியிலிருந்து இறங்கவே விடவில்லை, மேலேயே நிற்க வைத்து ஒரு எழுத்தின் காலை நீட்டச் சொன்னாள், அதனால்தான் அப்பாவும் மகளும் அவளுக்குச் சிவப்பு மை என்று பேர் வைத்தார்கள். அந்தச் சிவப்பு மைக்கு முடியாத ஒரே காரியம் மீனில் முள் எடுப்பது, இவர் ஒருத்தரால்தான் அது முடியும், இந்த ஒன்றை நம்பித்தான் மனிதர் ஞாயிறுக்கு ஞாயிறு நெஞ்சை நிமிர்த்திக்கொண்டு சமையலறைக்குள் போகிறார், அதுவும் பொய் என்றால்... நெஞ்சுக்குள் என்னவோ செய்தது, வலி என்று சொல்ல முடியாது, பள்ளிக்கூடத்தில் எல்லோரையும் விளையாட்டுக்குக் கூப்பிட்டுவிட்டு நம்மை விட்டுவிடுவார்களே, அந்த மாதிரி.

மீனைப் புரட்டிப் போட்டு மறுபக்கமும் அதே கோடு, அதே டிக் டிக், இப்போது நடு எலும்பு இரண்டு பக்கமும் சதையிலிருந்து விடுபட்டு நின்றது, வயிற்றுப் பக்கம் போகும் விலா முட்களைக் கத்தரிக்கோலால் ஒவ்வொன்றாக எலும்பிலிருந்து நறுக்கினார், அடி வயிற்றுத் தோல் மட்டும் கிழியக் கூடாது, கிழிந்தால் சட்டைப்பை ஓட்டை மாதிரி, உள்ளே வைக்கிற பூண்டும் எலுமிச்சையும் எல்லாம் வெளியே வரும். தலைக்குக் கீழே ஒரு நறுக்கு, வாலுக்கு மேலே ஒரு நறுக்கு, தலைப் பக்க நுனியைப் பிடித்து மெல்லத் தூக்கினார், குடலும் கூடவே வந்தது, பித்தப்பை, பித்தப்பை, அதை மட்டும் கசக்கிவிடக் கூடாது, உடைந்தால் மீன் முழுக்கக் கசப்பு, குழந்தையைத் தொட்டிலிலிருந்து எடுக்கிற மாதிரி எடுத்து ஓரமாக வைத்தார், நடு எலும்பு முழுசாக வந்துவிட்டது. மற்ற ஞாயிறுகளில் இந்த இடத்தில் ஒரு சின்ன விசில் அடிப்பார், இன்று உதடு குவிந்தது, காற்று மட்டும்தான் வந்தது.

எங்கே ஆரம்பித்தது இது... வாடகைக்குப் பிடித்த ஒற்றை அறை, ஜன்னலைத் திறந்தால் பக்கத்து வீட்டுச் சுவர், இரண்டு தட்டு, இரண்டு டம்ளர், மூன்றாவது ஆள் வந்தால் காத்திருந்துதான் குடிக்க வேண்டும், புதுப் பெண்டாட்டிக்குத் தன் கையால் சமைத்துப் போட வேண்டும் என்ற ஆசையில் இவர் செய்த முதல் மீன், அவள் தட்டில் வைத்ததும் தொடவில்லை, பார்த்துக்கொண்டே இருந்தாள், குனிந்து பார்த்தாள், நிமிர்ந்து இவரைப் பார்த்தாள், 'முள்ளா?' என்று இவர் கேட்டார், அவள் தலையை அசைத்தாள், ஐயோ பாவம், முள் எடுக்கத் தெரியாத பெண், எந்த வீட்டில் எப்படி வளர்த்தார்களோ என்று இவருக்கு நெஞ்சு உருகிப் போய், தட்டைத் தன் பக்கம் இழுத்து ஒவ்வொரு முள்ளாக எடுத்து... பொறு, அவள் தலையை எப்படி அசைத்தாள், மேலும் கீழுமாகவா, பக்கவாட்டிலா, இவ்வளவு காலமாக மேலும் கீழுமாகத்தான் ஞாபகம், இப்போது பார்த்தால் இரண்டும் இல்லாத மாதிரி இருக்கிறது, புதுப் பெண்கள் அசைப்பார்களே, எதற்கும் பொதுவாக, அப்படி. வாயைத் திறந்து எனக்கு முள் எடுக்கத் தெரியாது என்று அவள் சொன்னாளா, அன்று சொல்லவில்லை, அப்புறம் ஒரு நாளாவது... இல்லை, எவ்வளவு துருவிப் பார்த்தாலும் இல்லை, ஒரு தடவைகூட இல்லை. இன்னொன்றும் இப்போது ஞாபகம் வருகிறது, வரக் கூடாத நேரத்தில் வருகிறது, அன்று முள் எடுக்கும்போது எலும்பை ஒட்டின சதை இளஞ்சிவப்பாக இருந்தது, ரத்தமாக இருந்தது, வேகவே இல்லை, ஆறிப்போச்சு சூடு பண்ணித் தரேன் என்று சொல்லிச் சத்தமில்லாமல் மறுபடி அடுப்பில் போட்டார்... கடவுளே, அவள் பார்த்தது முள்ளை இல்லை. வேகாத மீனைத் தட்டில் வைத்துவிட்டுப் பல்லைக் காட்டிக்கொண்டு நிற்கிற புருஷனை எப்படிச் சொல்லிப் புரிய வைப்பது என்று பார்த்துக்கொண்டிருந்திருக்கிறாள், அந்த நேரம் பார்த்து இந்த மேதாவி முள்ளா என்று கேட்டிருக்கிறார், சரி, முள்ளாகவே இருந்துவிட்டுப் போகட்டும் என்று அவளும்... கண்ணாடிக்காரருக்குச் சிரிப்பு வந்துவிட்டது, தனியாக, கத்தியோடு, குலுங்கிக் குலுங்கிச் சிரித்தார், சிரித்து முடித்ததும் காது சூடாக இருந்தது.

'என்னங்க, தனியாச் சிரிக்கிறீங்க' என்று முன்னறையிலிருந்து குரல் வந்தது. 'மீனு கிச்சுகிச்சு மூட்டுது' என்றார். 'சரி சரி, தக்காளி இருக்குதானே' என்றாள், அவளுக்கு எப்போதும் தக்காளிதான், மீனைச் சுற்றிலும் தக்காளியைப் பாதி பாதியாக நறுக்கி வைத்துத்தான் சுட வேண்டும், சூட்டில் தோல் சுருண்டு கழன்றுவரும், சதையைத் தின்றுவிட்டுத் தோலை மட்டும் தட்டின் ஓரத்தில் ஒதுக்குவாள், ஒரு நாளும் மறந்து தின்றதில்லை, பிடிக்கவில்லை போலிருக்கிறது என்று இவர் ஒரு முறை, 'தோல முன்னாடியே உரிச்சுடட்டுமா' என்று கேட்டதற்கு, 'வேணாம், வேணாம், தோலு இருக்கட்டும், அது ஒரு அழகு' என்று பதறினாள், தின்னாத தோலில் என்ன அழகோ, பெண்கள் விஷயம், இவர் விட்டுவிட்டார். அதேபோல் தட்டு கழுவுகிற வேலைக்கும் இவரைக் கிட்டே சேர்க்க மாட்டாள், 'சமைச்சவங்க எழுந்து போங்க, தட்டு என் பொறுப்பு' என்று இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக வைத்து எடுத்துக்கொண்டு போய்விடுவாள், நல்ல மனசு என்று இவரும் கையைத் துடைத்துக்கொண்டு போய்ச் சாய்ந்துவிடுவார்.

எலும்பு வந்துவிட்டதால் முள் முடிந்தது என்று நினைப்பவர்கள் உண்டு, மீன்காரம்மாவே அப்படி நினைப்பவர்தான், உண்மையில் வேலை இப்போதுதான் ஆரம்பம். விலா முட்கள் சதையில் பதிந்து கிடக்கின்றன, கத்தியை அவற்றுக்கு அடியில் நுழைத்து வயிற்றை நோக்கிச் சரித்துக்கொண்டே போனால் மெல்லிய தகடாக எழுந்து வரும், கூடக் கொஞ்சம் சதை போனாலும் பரவாயில்லை என்பார்கள், இவர் போக விட மாட்டார், தகட்டைத் தூக்கி வெளிச்சத்தில் பிடித்தால் அந்தப் பக்கம் ஜன்னல் தெரிய வேண்டும், தெரிந்தது. அடுத்தது ஊசி முட்கள், அதுதான் பரீட்சை, முன்பாதிச் சதைக்குள் புதைந்து நிற்கும், கண்ணுக்குத் தெரியாது, ஒரு கிண்ணத்தைக் கவிழ்த்து அதன் மேல் சதையை வளைத்துப் போட்டால் முனைகள் லேசாக எட்டிப் பார்க்கும், விரலை வாலிலிருந்து தலைப் பக்கமாகத் தடவிக்கொண்டு போனால் சுருக்கென்று படும், பட்ட இடத்தில் இடுக்கியை வைத்து, இடது கை விரலால் சதையை அமுக்கிப் பிடித்து, முள் சாய்ந்திருக்கிற பக்கமாக, அதாவது தலைப் பக்கமாகச் சரித்து இழுக்க வேண்டும், நேரே மேலே இழுத்தால் சதை பிய்ந்து குழி விழும். இடுக்கி கடையிலிருந்து கொண்டுவந்தது, கண்ணாடி ஃபிரேமின் பொடி ஸ்க்ரூவை எடுக்கிற ரகம், இந்த உபயோகத்துக்கென்றே ஒன்று ஒதுக்கி வைத்திருக்கிறார். அவர் கண்ணாடி மட்டும் நெற்றிக்கு மேலே ஏறி உட்கார்ந்திருந்தது, மீன் வேலையில் அதைப் போட்டுக்கொள்ள மாட்டார், பிசுக்கு ஆகிவிடும், மற்றபடி ஊருக்கெல்லாம் கண்ணாடி போடு கண்ணாடி போடு என்று சொல்கிறவர்தான், விரல் இருக்கும்போது கண் எதற்கு என்பது அவர் கட்சி. மகள் கல்யாணத்துக்கு முன்னால் சம்பந்தி வீட்டார் முதல்முறை சாப்பிட வந்தபோது இதே மாதிரி ஒரு கொடுவாவை நடுவில் வைத்துவிட்டு, என் கை பட்ட மீன்ல ஒரு முள்ளு கிடைச்சாலும் என் கடையையே எழுதி வைக்கிறேன் என்று சவால் விட்டார், எல்லோரும் சிரித்தார்கள், எல்லோரும் தேடினார்கள், ஒருத்தருக்கும் கிடைக்கவில்லை, அவள் மட்டும் தேடாமல் தக்காளியைத் தின்றுகொண்டிருந்தாள்.

ஒன்று, இன்னொன்று, அதற்கடுத்தது, கிண்ண விளிம்பில் தட்டித் தட்டி உதறினார், சுருதி சேர்ந்துவிட்டால் இந்த வேலையில் மனசு லேசாகிவிடும், கவலையைக்கூட ஒவ்வொன்றாகப் பிடுங்கிப் போடுகிற மாதிரி இருக்கும், கடைசி ஊசி முள், கழுத்துக்குப் பக்கத்தில், கெட்டியாக, இடுக்கி அதைக் கவ்விவிட்டது, அப்போதுதான் அந்த எண்ணம் வந்தது... இதை இப்படியே விட்டுவிட்டால்? இந்த ஒன்றை மட்டும், அவள் பக்கத்தில், வேண்டுமென்றே, அவளுக்கு நிஜமாகவே முள் எடுக்கத் தெரியாது என்றால் திணறுவாள், என்னங்க என்று கூப்பிடுவாள், தெரியும் என்றால் தையல் மெஷின் தானாக வேலை செய்யும், குட்டு வெளிப்பட்டுவிடும், கேள்வியும் கேட்க வேண்டாம் பதிலும் சொல்ல வேண்டாம், நல்ல யோசனைதான், இடுக்கியைத் தளர்த்தினார், முள் மறுபடி சதைக்குள் போய் ஒளிந்துகொண்டது. ஒருவேளை தொண்டையில் சிக்கிவிட்டால், இருமுவாள், கண் கலங்கும், முகம் சிவக்கும், தண்ணி தண்ணி என்று கையைக் காட்டுவாள், இவர் பக்கத்தில் உட்கார்ந்து முதுகைத் தடவுவார், வேண்டுமென்று விட்ட முள்ளுக்கு முதுகைத் தடவுகிற புருஷன், தூ, நினைக்கும்போதே இவர் தொண்டையில் என்னவோ குத்தியது, எச்சில் விழுங்கிப் பார்த்தார். தெரிந்துகொண்டு என்ன ஆகப் போகிறது, அவளுக்கு முள் எடுக்கத் தெரிந்தாலும் தெரியாவிட்டாலும் இவருக்கு அவளுக்கு முள் எடுத்துக் கொடுக்கப் பிடிக்கும், அது பொய் இல்லையே. இடுக்கியை வைத்தார், அமுக்கினார், சரித்து இழுத்தார், கழுத்து முள் வந்துவிட்டது. இரண்டு பக்கமும் மறுபடி ஒரு முறை, விரலை வாலிலிருந்து தலைவரை, தலையிலிருந்து வால்வரை ஓட்டினார், வெண்ணெய், ஒரு சுருக் இல்லை, தேர்ந்த கை என்றால் இதுதான் என்று தனக்குத்தானே சொல்லிக்கொண்டார், இந்த முறை விசில் ஒழுங்காக வந்தது.

உப்பு, மிளகு, வயிற்றுக்குள் பூண்டும் எலுமிச்சையும், முதுகை மூடி நூலால் இரண்டு கட்டு, சுற்றிலும் தக்காளி, அடுப்பிலிருந்து வந்தபோது வீடு முழுக்க வாசனை, கூப்பிடாமலே அவள் வந்துவிட்டாள், சிவப்புப் பேனா காதில் செருகியபடி, மேஜையில் மீனைப் பார்த்தாள், முகம் மலர்ந்தது, அதே மலர்ச்சி, நடிப்பா என்று இவர் குனிந்து பார்த்தார், பசி மாதிரிதான் தெரிந்தது. அவள் தட்டில் முதுகுப் பக்கத்து நல்ல சதையாக எடுத்து வைத்தார், எதிரில் உட்கார்ந்தார், சும்மா இருந்திருக்கலாம், இருக்க முடியவில்லை, 'பொண்ணு வீட்டுல மீனெல்லாம் உண்டா' என்று தக்காளியைப் பார்த்துக்கொண்டு கேட்டார். 'ம்... ஒரு நாள் பண்ணாங்க.' 'என்ன மீனு?' 'ஏதோ பொடி மீனு.' 'அது முள்ளா இருக்குமே?' அவள் நிமிரவில்லை, வாயில் இருந்ததை நிதானமாக மென்று முழுங்கினாள், 'முள்ளுதான், நம்ம வீட்டு மீனு மாதிரி வருமா' என்றாள். இது ஆமாவா இல்லையா, அச்சகத்தில் ஒரு எழுத்துக்கு இடம் கொடுக்காதவள் இங்கே ஒரு லாரியே போகிற அளவுக்கு இடம் விட்டுப் பேசுகிறாள், மேற்கொண்டு கேட்டால் சண்டையாகவும் போகலாம், சிரிப்பாகவும் போகலாம், மீன் ஆறிவிடும், இவர் சாப்பிட்டார். கடைசி வாயை விழுங்கிவிட்டு வழக்கமாகச் சொல்வதைச் சொன்னாள், ஞாயிறுக்கு ஞாயிறு சொல்வது, இவர் வாரம் முழுக்கக் காத்திருப்பது அதற்காகத்தான், 'ஒரு முள்ளுகூட இல்ல.' இன்றைக்கும் அது இனித்தது, அதுதான் வெட்கக்கேடு.

அவள் தட்டை எடுக்கக் கை நீட்டியபோது முன்னறையில் அவள் போன் அடித்தது, அச்சகத்து மேனேஜர், ஞாயிற்றுக்கிழமை அவர் கூப்பிட்டால் ஏதோ ஒரு பக்கம் தலைகீழாகப் போயிருக்கிறது என்று அர்த்தம், 'தட்ட அப்படியே வைங்க, வந்துடறேன்' என்று சொல்லிக்கொண்டே ஓடினாள். அப்படியே வைப்பானேன், பாவம், நேற்றுத்தான் அலைந்து வந்தவள், ஒரு நாள் எடுத்தால் கையா தேய்ந்துவிடும் என்று இவர் எழுந்து தன் தட்டைத் தூக்கினார், அதன் மேல் வைக்க அவள் தட்டை எடுத்தார், மேலே ஒதுக்கியிருந்த தக்காளித் தோல் வழுக்கிக்கொண்டு நகர்ந்தது, அதன் அடியில் என்னவோ பளபளத்தது. நெற்றியிலிருந்த கண்ணாடியை இறக்கி மூக்கில் வைத்தார். முள். ஊசி முள், சுத்தமாக, ஒரு துணுக்குச் சதைகூட ஒட்டாமல், தட்டின் விளிம்போடு விளிம்பாகப் படுத்திருந்தது. இன்னொரு தோலை விரலால் நகர்த்தினார், அதன் அடியில் ஒன்று, அதைவிடப் பெரியது, கிழவனுக்குக்கூடத் தெரிகிற சைஸ்.

கழுத்து முள்ளை எடுத்தாரே, எடுத்தார், சத்தியமாக எடுத்தார், கிண்ணத்தில் கிடக்கிறது, இவை வேறு, இவரே விட்டவை, இரண்டு முறை தடவிப் பார்த்து வெண்ணெய் என்று விசிலடித்துவிட்டு விட்டவை... இவள் ஏதோ இன்றைக்குத்தான் கண்டுபிடித்த மாதிரியும் தெரியவில்லை, எதிரில் உட்கார்ந்திருந்தவருக்கு ஒரு அசைவு தெரியவில்லையே, உதடு பிரிந்ததா, விரல் வாய்க்குப் போனதா, எவ்வளவு பழகிய கை, தோல் இருக்கட்டும் அது ஒரு அழகு என்றாளே, அந்த அழகு, தட்டு என் பொறுப்பு என்றாளே, அந்தப் பொறுப்பு, சம்பந்தி வீட்டார் முன்னால் சவால் விட்டபோது தக்காளியைத் தின்றுகொண்டிருந்தாளே... அப்படிப் பார்த்தால் கடை எப்போதோ அவள் பேருக்குப் போயிருக்க வேண்டும், எத்தனை முறை போயிருக்க வேண்டும். ஊரில் ஒருத்தன் ஒரு புள்ளியை விட்டால் விடாதவள், பெயர்ப்பலகைக்காரனை ஏணியில் நிறுத்தி வைத்தவள், இந்த ஒரு ஆளின் பிழைகளை மட்டும் ஞாயிறுக்கு ஞாயிறு வாயால் பொறுக்கி எடுத்துத் தோலுக்கு அடியில் போட்டு மூடிவிட்டு, ஒரு முள்ளுகூட இல்ல என்று சொல்லிக்கொண்டு... முகத்தில் அசடு வழிந்தது, பார்க்க யாரும் இல்லாதபோதும் வழிந்தது, மூக்குக் கண்ணாடி ஏனோ மங்கலாகிவிட்டது, கழற்றிச் சட்டை நுனியால் துடைத்தார், சிரிப்பும் வந்தது, அழுகையும் வந்தது, எதை முதலில் விடுவது என்று தெரியாமல் இரண்டையும் விழுங்கினார். முன்னறையில், 'இல்ல சார், அந்தப் பக்கம் வேற, நீங்க மாத்திப் போட்டிருக்கீங்க, விட முடியாது சார், திருப்பி எடுங்க' என்று அவள் குரல் கறாராக ஓடிக்கொண்டிருந்தது.

போன் பேச்சு முடிகிற மாதிரி இருந்தது. கண்ணாடிக்காரர் அவள் தட்டை இருந்த இடத்திலேயே வைத்தார், இடுக்கி பிடிக்கிற விரல்களால் முதல் தோலை எடுத்து முதல் முள்ளின் மேல், இரண்டாவதை இரண்டாவதின் மேல், சுருட்டல்கூட மாறாமல் மூடினார், தன் தட்டைப் பழைய இடத்துக்கு நகர்த்தினார், நாற்காலியில் உட்கார்ந்து ஜன்னலைப் பார்த்துக்கொண்டார். அவள் வந்தாள், தட்டைப் பார்த்தாள், அவரைப் பார்த்தாள், 'தட்டத் தொட்டீங்களா?' 'இல்லையே.' 'கண்ணாடி மூக்குல இருக்குது?' 'பேப்பர் படிக்கலாம்னு.' மேஜையில் பேப்பர் எதுவும் இல்லை. அவள் இரண்டு தட்டையும் ஒன்றன்மேல் ஒன்றாக அடுக்கினாள், அவளுடையது மேலே, சமையலறை வாசல்வரை போனவள் திரும்பாமலே, 'அடுத்த வாரம் தக்காளி கொஞ்சம் கூடவே வைங்க' என்றாள். 'சரி' என்றார், குழாய்த் தண்ணீர் விழும் சத்தம் கேட்டது, கூட என்றால் இன்னும் ஒன்றா, இரண்டா, அவளுக்குத் தக்காளி நிஜமாகவே பிடிக்குமா, அதையாவது ஒரு நாள் கேட்டிருக்கலாமே என்று யோசித்துக்கொண்டு அப்படியே உட்கார்ந்திருந்தார்.